பாறையைப் படிக்கப் போனவர்களுக்குக் கேனோ எதற்கு?

கேள்வி இதுதான்: "19ஆம் நூற்றாண்டில் கனடாவின் வடக்கே இளம் நிலவியலாளர்கள் கேனோவில் மாதக்கணக்கில் பயணம் போனார்கள் என்று படித்தேன். பாறையைப் பார்க்கப் போகிறவருக்குப் படகு எதற்கு? மான் மந்தை, பட்டினி, பனிப்புயல் என்று சாகசக் கதைதான் எங்கும் கிடைக்கிறது. அறிவியலுக்கு அதனால் என்ன கிடைத்தது?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் மேல்பாதியை ஒரு காலத்தில் மூடியிருந்த பனிப்பாளம் எங்கே திரண்டு, எந்தப் பக்கமெல்லாம் பரவியது என்பதற்கு நேரடிச் சான்று அந்தக் கேனோப் பயணங்களில்தான் கிடைத்தது. அதிலும் 1893 கோடைக்குத் தனி இடம் உண்டு. அந்த ஒரே கோடையில் ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே ஜோசப் பர் டிர்ரலும், கிழக்கே லாப்ரடார் தீபகற்பத்தில் ஆல்பர்ட் பீட்டர் லோவும் ஆற்றில் இருந்தார்கள். டிர்ரலுக்கு வயது 34, லோவுக்கு 32. இருவருமே கனடா நிலவியல் ஆய்வுத்துறையின் ஊழியர்கள். இருவருடைய குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும். சாகசக் கதை சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதற்குள் கதையை முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சரி, படகு ஏன்? ஹட்சன் விரிகுடாவை வளைத்துக் கிடக்கிற பழம்பாறைப் பரப்புக்குக் கனடியன் ஷீல்டு என்று பெயர். கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறையும்தான் பெரும்பகுதி. பல இடங்களில் அந்தப் பாறைகளுக்கு 250 கோடி ஆண்டுக்கும் மேல் வயது. பனிப்பாளம் இந்தப் பரப்பின் மேல்மண்ணைப் பெருமளவு வழித்துக்கொண்டு போய்விட்டது. அது தோண்டிய பள்ளமெல்லாம் இன்று ஏரி. ஏரியிலிருந்து ஏரிக்கு ஆறு. இடைப்பட்ட நிலமோ சதுப்பு, ஸ்ப்ரூஸ் காடு, கோடை முழுக்கக் கொசு. குதிரைக்கு அங்கே தீவனமும் கிடையாது, காலூன்ற உறுதியான தரையும் கிடையாது. தண்ணீர்தான் சாலை.

இன்னொரு காரணம் நிலவியலாளருக்கே உரியது. காட்டுக்குள் பாறை இருந்தாலும் கண்ணில் படாது. பாசியும் லைக்கனும் மக்கிய இலையும் மூடியிருக்கும். கரையோரத்தில் அப்படியில்லை. அலை ஓயாமல் கழுவுகிறது. வசந்தத்தில் உடைந்து நகரும் பனிக்கட்டி கரையை உரசிக்கொண்டே போகிறது. அதனால் ஏரிக்கரைப் பாறை பளிச்சென்று தெரியும். படகை ஒதுக்கி இறங்கி, சுத்தியலால் ஒரு துண்டு உடைத்து எடுத்து, அடுக்குகளின் சாய்வை அளந்து, குறிப்பெழுதிக்கொண்டு அடுத்த முனைக்குப் போய்விடலாம். நடந்து போகிறவருக்கு ஒரு வாரம் ஆகிற தூரத்தைப் படகில் போகிறவர் ஒன்றிரண்டு நாளில், அதுவும் நல்ல பாறைகளாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்.

நீர்வேகம் பாறைகளில் மோதி நுரைக்கிற ரேபிட்ஸ் வந்தாலோ, ஒரு ஆற்றின் வடிநிலம் முடிந்து அடுத்ததற்குத் தாவ வேண்டியிருந்தாலோ, எல்லாவற்றையும் இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். அந்த ஒற்றையடிப் பாதைகளுக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். மூட்டைக்கு 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ என்பது தோல் வணிகக் காலத்திலிருந்தே வந்த கணக்கு. அகலமான தோல்பட்டையை முன்தலையில் மாட்டி, மூட்டையை முதுகில் தாங்கிக்கொண்டு, வழுக்குப் பாறையிலும் முழங்கால் சேற்றிலும் போவார்கள். இந்தப் பாதைகளில் ஒன்றைக்கூட நிலவியலாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. டெனே, க்ரீ, இன்னு என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து போட்ட தடங்கள் அவை. எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்குத் தாண்டலாம், எந்த ஆறு எங்கே திரும்புகிறது என்ற விவரம் அவர்களிடம் கேட்டு வாங்கியதுதான்.

1870இல், தோல் வணிகம் செய்துவந்த ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கையில் இருந்த ரூபர்ட்ஸ் லேண்ட் என்ற பெரும் பரப்பு கனடாவுக்கு வந்து சேர்ந்தது. நாடு கைக்கு வந்துவிட்டது, அதன் வரைபடம் வரவில்லை. 1842இல் தொடங்கிய நிலவியல் ஆய்வுத்துறையின் தலையில் அந்த வேலை விழுந்தது. வரைபடம் இல்லாத இடத்தில் பாறையை எதில் குறிப்பது? ஆகவே அங்கே போகிற நிலவியலாளரே சர்வேயர், அவரே வானிலைக் குறிப்பாளர், செடிகொடி சேகரிப்பவரும் அவரே.

டிர்ரல் இந்த வேலைக்குப் பொருத்தமானவராகத் தொடக்கத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. டொராண்டோவை அடுத்த வெஸ்டனில் 1858இல் பிறந்தவர். சிறுவயதுக் காய்ச்சலால் காது மந்தம், கண்பார்வையும் குறைவு. சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தார். நுரையீரல் சரியில்லை, வெளியில் திரிகிற வேலை பார் என்று மருத்துவர் சொன்னதால் 1881இல் ஆய்வுத்துறைக்கு வந்தார். (பின்னால் 98 வயது வரை வாழ்ந்தார்.) 1883இல் ஜார்ஜ் மெர்சர் டாசனின் கீழ் ராக்கி மலைப் பகுதியில் பயிற்சி. டாசன் சிறுவயது எலும்புநோயால் முதுகு வளைந்தவர், உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அந்த உடம்போடு 1887இல் யூகான் பகுதி ஆறுகளில் பெரும் பயணம் போய்வந்தவர். அப்படிப்பட்டவரிடம் வேலை கற்றவர் காது கேட்கவில்லை என்று ஒதுங்கி நிற்க முடியுமா?

அடுத்த ஆண்டு, 1884இல், ஆல்பர்ட்டாவின் ரெட் டியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலக்கரி தேடிப் போன 25 வயது டிர்ரலுக்குக் கரைச்சரிவில் ஒரு பெரிய மண்டையோடு கண்ணில் பட்டது. கொன்றுண்ணும் டைனோசார் ஒன்றின் மண்டையோடு. 1905இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன் அதற்கு ஆல்பர்ட்டோசாரஸ் என்று பெயர் வைத்தார். இன்று டிரம்ஹெல்லரில் உள்ள புகழ்பெற்ற டைனோசார் அருங்காட்சியகம் டிர்ரல் பெயரில்தான் இருக்கிறது. பொதுமக்களுக்கு அவரைத் தெரிவதும் அதனால்தான். என் பார்வையில் அது அவருக்கு வழியில் கிடைத்த நல்வாய்ப்பு. அவருடைய பெரிய வேலை வடக்கே நடந்தது.

1892இல் சர்ச்சில் ஆற்றுக்கும் அதபாஸ்கா ஏரிக்கும் இடைப்பட்ட பகுதியில் வேலை செய்தபோது, அங்கிருந்த டெனே மக்களிடமிருந்து ஒரு செய்தி கிடைத்தது: அதபாஸ்கா ஏரிக்குக் கிழக்கே உள்ள ஏரிகள் வழியாக வடக்கே ஏறினால், மரமே இல்லாத வெளிக்குள் ஓடுகிற ஒரு பெரிய ஆற்றைப் பிடிக்கலாம். அந்த ஆறு கடைசியில் எந்தக் கடலில் சேர்கிறது என்பது ஆய்வுத்துறையில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் டுபான்ட் ஆறு. அடுத்த கோடையில் டிர்ரல் கிளம்பினார்.

உடன் தம்பி ஜேம்ஸ். ஹட்சன் நீரிணைப் பகுதியில் முன்பு வேலை செய்தபோது ஆர்க்டிக் பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் மொழியைக் கற்றிருந்தவர். துடுப்பு போட ஆறு பேர்: மொன்ட்ரியாலுக்கு அருகே ககனவாகேயைச் சேர்ந்த இரோகுவா பூர்வகுடிப் படகோட்டிகள் பியர், லூயி, மிஷெல், மேற்கிலிருந்து ஜான் ஃப்ளெட், ஜிம் காரிகல், ஃபிரான்சுவா மொரிஸ். ககனவாகே இருப்பது செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் லஷீன் ரேபிட்ஸ் பக்கத்திலேயே. ஆற்றுவேகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பீட்டர்பரோவில் செய்த 18 அடி சீடர் மரக் கேனோக்கள் வாங்கினார்கள். ஒன்றின் எடை 120 பவுண்டு, தாங்குகிற சுமை 2,000 பவுண்டு. கருவிகள் என்று பார்த்தால் சூரியன், விண்மீன்களின் உயரக்கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், சோலார் காம்பஸ், கைக் காம்பஸ்கள், ஓடிய தூரத்தைக் கணக்கிடும் படகுமானி, உயரத்துக்கு ஒரு காற்றழுத்தமானி, நேரத்துக்கு நல்ல கடிகாரங்கள், ஒரு சிறிய கேமரா.

இந்தக் கருவிகளில் சோலார் காம்பஸ் கவனிக்க வேண்டியது. காந்த வடதுருவம் அப்போது கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இருந்தது. அதை நெருங்க நெருங்கக் காந்த ஊசி உண்மையான வடக்கைவிட்டு விலகி நிற்கும். அந்த விலகலும் இடத்துக்கு இடம் மாறும். எனவே சூரியனின் நிலையை வைத்து உண்மைத் திசையைக் கண்டு, ஊசி எவ்வளவு விலகுகிறது என்று அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகிற கண்டுபிடிப்பே இல்லை.

மே மாத இறுதியில் அதபாஸ்கா லேண்டிங்கில் கிளம்பி, ஆற்றோடு இறங்கி, ஏரியைக் கிழக்காகக் கடந்து, பிளாக் ஏரி வழியாக வடக்கே ஏறினார்கள். நீர்ப்பிரிமேட்டைத் தாண்டியதும் டுபான்ட் தொடங்குகிறது. காடு மெலிந்து மெலிந்து மரமே நின்றுபோகிறது. ஜூலை கடைசியில் ஒரு ஏரிக்கரையில் கரிபூ மந்தை எதிர்ப்பட்டது. மலைச்சரிவும் பள்ளமும் மானாகவே நிறைந்திருந்தன. ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை இருக்கும் என்று டிர்ரல் மதிப்பிட்டார். அங்கேயே தங்கி இறைச்சியை உலர்த்தி மூட்டை கட்டினார்கள். அந்த ஏரிக்கு அவர் வைத்த பெயர் கேரி. மேரி எடித் கேரியை அடுத்த ஆண்டு மணந்துகொண்டார். ஆகஸ்டில் டுபான்ட் ஏரிக்கு வந்தபோது, கோடை முடியப்போகிற நேரத்திலும் ஏரியில் பனிக்கட்டி கரையவில்லை. கரைக்கும் பனிக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய நீரில் படகை ஓட்டினார்கள். ஏரிக்குக் கீழே இன்யூட் கூடாரம் தென்பட்டது. அவர்களிடம் ஜேம்ஸ் அவர்கள் மொழியிலேயே பேசிக் கீழாற்று விவரத்தைத் தெரிந்துகொண்டார். தெலான் ஆற்றில் கலந்து, பேக்கர் ஏரி வழியாக, செப்டம்பரில் செஸ்டர்ஃபீல்டு கழிமுகத்தில் உப்புநீரைத் தொட்டார்கள். ஆறு ஹட்சன் விரிகுடாவில்தான் சேர்கிறது என்பது உறுதியானது.

அதற்குப் பிறகு தெற்கே சர்ச்சில் என்ற வணிகநிலையம் வரை கடலோரமாக வந்ததுதான் உயிர்போகும் பாடாக இருந்தது. அந்தக் கரை அவ்வளவு ஆழமில்லாதது. வற்றம் வந்தால் கடல் மைல் கணக்கில் உள்வாங்கிச் சேறும் பாறையுமாகக் கிடக்கும். கரைக்கு வர வேண்டுமென்றால் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். புயல், உறைபனி, உணவு தீர்ந்த நிலை. படகு இனி நகராது என்றானதும் இருவர் நடந்தே சர்ச்சிலுக்குப் போய் நாய்வண்டியோடு உதவி கொண்டுவந்தார்கள். அக்டோபரில் சர்ச்சில், அங்கிருந்து பனிச்சறுக்குப் பாதணி கட்டி நடந்து, 1894 ஜனவரித் தொடக்கத்தில் வினிபெக். மொத்தம் 3,200 மைல், ஏறக்குறைய 5,150 கிலோமீட்டர். எட்டுப் பேரும் உயிரோடு திரும்பினார்கள். எல்லோரும் சொல்கிற கதை இதோடு முடிகிறது.

இனி அந்தக் குறிப்பேட்டில் என்ன இருந்தது என்று பார்ப்போம். கரையில் இறங்கும் இடமெல்லாம் டிர்ரல் குனிந்து தேடியது பாறைமேல் இருக்கும் கீறல்களை. வழுவழுப்பாக மெருகேறிய பாறை. அதன்மேல் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள், சில மயிரிழை அளவு, சில விரல் நுழையும் அகலம். பனிப்பாளத்தின் அடியில் உறைந்து ஒட்டியிருந்த மணலும் கல்லும், உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பது போல, பாறையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்ததன் அடையாளம் அது. சாய்ந்த வெயிலில்தான் மெல்லிய கோடுகள் நன்றாகத் தெரியும். பாறையை நனைத்துப் பார்த்தாலும் தெரியும். கோட்டின் மேல் காம்பஸை வைத்தால் திசை கிடைக்கும்.

ஆனால் வடகிழக்கு-தென்மேற்காக ஓடுகிற கோட்டை வைத்துக்கொண்டு பனி வடகிழக்கிலிருந்து வந்ததா, தென்மேற்கிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குப் பாறைமேட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பனி ஏறி வந்த பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கும். இறங்கிப் போன பக்கத்தில் பனி கல்லைப் பிடுங்கி எடுத்துவிடுவதால் அது செங்குத்தாக, கரடுமுரடாக இருக்கும். இதைவிடச் சிக்கல், ஒரே பாறையில் இரண்டு மூன்று திசைகளில் கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பது. மேட்டின் முகட்டில் இருப்பது கடைசியாக ஓடிய பனியின் கீறல். பள்ளத்திலோ மறைவான பக்கத்திலோ தேயாமல் தப்பிக் கிடப்பது அதற்கு முந்தையது. இப்படிப் பார்த்தால் பனியின் திசை மட்டுமல்ல, அந்தத் திசை காலப்போக்கில் எப்படி மாறியது என்பதும் கிடைக்கும். கொசுக்கூட்டத்துக்கு நடுவே, ஊசித் திருத்தத்தோடு, ஒவ்வொரு இறங்குதுறையிலும் இதைச் செய்துகொண்டே போவது எவ்வளவு பொறுமையான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அம்புக்குறிகளை வரைபடத்தில் போட்டபோது ஒரு விஷயம் தெளிவானது. மனிடோபாவில் பனி தெற்கு நோக்கி ஓடியிருக்கிறது. அதபாஸ்கா பக்கம் மேற்காகவும் தென்மேற்காகவும். செஸ்டர்ஃபீல்டு பக்கம் வந்தால் கிழக்கே, விரிகுடாவை நோக்கி. அதாவது விரிகுடாவுக்கு மேற்கே உள்ள உள்நாட்டில் ஏதோ ஓரிடத்திலிருந்து பனி எல்லாத் திக்கிலும் வழிந்திருக்கிறது. வட துருவத்திலிருந்து ஒரே வெள்ளமாக இறங்கியது என்ற பழைய எண்ணத்துக்கு இதில் இடமில்லை. அதைவிட வியப்பு, அங்கே பெரிய மலை எதுவும் கிடையாது. பனியாறு என்றால் மலையிலிருந்து இறங்கும் என்றுதான் ஆல்ப்ஸைப் பார்த்துப் பழகியவர்கள் நினைப்பார்கள். இங்கே சில நூறு மீட்டர் உயரமுள்ள தாழ்நிலத்தில் பனி குவிந்து, தன் சொந்தக் கனத்தால் நாலா பக்கமும் நகர்ந்திருக்கிறது. கீவாட்டின் என்ற அந்த மாவட்டத்தின் பெயரால் டிர்ரல் அதற்குக் கீவாட்டின் பனியாறு என்று பெயர் வைத்தார். 1894இல் கசான் ஆற்றின் வழியாக மறுபடி போய் அந்தச் சான்றை இன்னும் பெருக்கிக்கொண்டார்.

மறுகரையில் லோ என்ன செய்துகொண்டிருந்தார்? 1893இல் செயின்ட் ஜான் ஏரியிலிருந்து கிளம்பி மிஸ்டசினி வழியாக லாப்ரடார் தீபகற்பத்தை வடக்கே உங்காவா விரிகுடா வரை ஊடறுத்துப் போனார். அடுத்த ஆண்டு ஹாமில்டன் ஆற்றில் ஏறினார். இன்று அதற்கும் சர்ச்சில் ஆறு என்றுதான் பெயர், முன்பு சொன்ன மேற்குப்பக்கச் சர்ச்சில் ஆறு வேறு. அவர் கண்ட கீறல்களும் தீபகற்பத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக விரிந்தன. போகிற வழியில் பெரும் இரும்புத்தாதுப் படிவங்களையும் குறித்து வைத்தார். அறுபது ஆண்டு கழித்து, 1954இல்தான் ஷெஃபர்வில் பகுதியிலிருந்து அந்தத் தாது ரயிலில் இறங்கத் தொடங்கியது. லோ பெயரை இன்று கனடாவிலேயே பலருக்குத் தெரியாது. டிர்ரலுக்குச் சற்றும் குறையாத மனிதர் அவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

ஆக விரிகுடாவின் இருபுறமும் இரண்டு பனி மையங்கள். அப்புறம் அந்த முடிவு அப்படியே நிலைத்ததா என்றால், இல்லை. 1943இல் அமெரிக்க நிலவியலாளர் ரிச்சர்ட் ஃபிளின்ட், தனித்தனி மையங்கள் தேவையில்லை, விரிகுடாவை நடுவாகக் கொண்ட ஒரே பெரும் பனிக்குவியலாகவே அது வளர்ந்தது என்று வாதிட்டார். பாடநூல்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1950களில் விமானப் படங்களோடு கீவாட்டினை மறுபடி ஆராய்ந்தவர்கள், டிர்ரல் சொன்ன வட்டாரத்திலேயே பனி இருபுறமும் பிரிந்தோடிய மேட்டைக் கண்டார்கள். 1970களில் இன்னொரு சான்று. டுபான்ட் வட்டாரத்துச் சிவப்புப் பாறைகள் எளிதில் அடையாளம் தெரிபவை. டிர்ரலே அவற்றைக் குறித்திருந்தார். அந்தச் சிவப்புத் துண்டுகள் பனியோடு கிழக்கே ஹட்சன் விரிகுடா வரை இழுபட்டுக் கிடப்பதை நிலவியலாளர் வில்லியம் ஷில்ட்ஸ் தொடர்ந்து பதிவு செய்தார். ஒரே குவியல் விரிகுடாவின் மேல் இருந்திருந்தால் அந்தக் கல் மேற்கேயல்லவா போயிருக்க வேண்டும்? 2007இல், பூமியின் ஈர்ப்பை அளந்த கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களின் அளவீடுகளை ஆராய்ந்தபோதும், பனியின் கனத்தில் அமுங்கி இன்னும் முழுமையாக நிமிராத பூமியின் தடம் விரிகுடாவுக்கு மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு இடங்களில் தெரிந்தது.

எல்லாவற்றிலும் டிர்ரல் சரியாகச் சொன்னார் என்றும் நினைக்க வேண்டாம். விரிகுடாக் கரையில் பழைய கடற்கரைகள் இன்றைய நீர்மட்டத்துக்கு வெகு மேலே படிப்படியாக நிற்கின்றன. பனி உருகிப் பாரம் குறைந்ததால் நிலம் எழும்பியிருக்கிறது. அந்த எழுச்சி இன்னும் நடக்கிறதா என்பதில் துறைக்குள்ளேயே சண்டை. நடக்கிறது என்றார் மூத்தவர் ராபர்ட் பெல். நின்றுவிட்டது என்றார் டிர்ரல். அவருடைய சான்று சர்ச்சிலுக்கு அருகே ஸ்லூப்ஸ் கோவ் என்ற சிறு குடாவின் பாறையில் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பயணி சாமுவேல் ஹெர்ன் 1767 ஜூலை 1 என்று தேதியிட்டுச் செதுக்கிய பெயர். அந்தக் காலத்தில் அங்கே கப்பல்கள் கரையில் கட்டி நிறுத்தப்பட்ட நிலையோடு ஒப்பிட்டு, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பெரிய மாற்றமில்லை என்று முடிவு கட்டினார். பெல் சொன்னதே சரி: சர்ச்சில் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் உயர்கிறது. பனிக் கீறலில் பல நூறு இடங்களைக் கூட்டிப் பார்த்துப் பேசியவர், இதில் ஒரு பாறையை மட்டும் நம்பிப் பேசினார் என்பதுதான் வித்தியாசம்.

இதற்குமேல் படிக்க ஆசைப்பட்டால், டிர்ரலின் களக்குறிப்புகளும் புகைப்படங்களும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிஷர் அரிய நூலகத்தில் உள்ளன. பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். அவருடைய, லோவினுடைய அதிகாரபூர்வ அறிக்கைகள் கனடா நிலவியல் ஆய்வுத்துறையின் இணையக் களஞ்சியத்தில் இலவசம். கரிபூ படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், இரண்டு அறிக்கைகளிலும் பனித் திசைகளைச் சொல்லும் பகுதிகளை ஒரு வரைபடத்தோடு சேர்த்துப் படியுங்கள்.